வின்ச் கிளப்பா, ஏரோடோ கிளப்பா?

கிளைடர் (என்ஜின் இல்லாத விமானம்) ஓட்டக் கற்க எந்த கிளப்பில் சேரலாம் என்று கேட்டிருந்தீர்கள். தரையில் நிற்கும் இயந்திரம் கம்பியால் இழுத்து கிளைடரை ஏற்றிவிடும், வீட்டுக்கு அருகில் இருக்கும் வின்ச் கிளப்பிலேயே சேருங்கள். இன்னொரு விமானம் கிளைடரை இழுத்து ஏற்றும் ஏரோடோ கிளப்புக்கு ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டும்; அது இப்போதைக்கு வேண்டாம். இங்கிலாந்தில் மேகம் தாழ்ந்துவிட்டால் நாள் முழுக்கத் தரையில்தான். அதற்காக அவ்வளவு தூரம் போய்வந்தால் சீக்கிரமே அலுத்துவிடும்.

இரண்டு கிளப்பின் கட்டணப் பட்டியலை மட்டும் ஒப்பிடுவதால்தான் குழம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். வின்ச்சில் பெரும்பாலும் 1000 முதல் 1500 அடி வரை ஏறலாம். தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) கிடைக்காத நாளில் சில நிமிடங்களில் இறங்கிவிடுவீர்கள். விமானம் இழுத்துப் போனால் 2000 அடி, நேரமும் கூடும், செலவும் கூடும். ஆனால் தனியாகப் பறக்கும் முன் கைவர வேண்டியது ஏற்றமும் இறக்கமும். குட்டிக் குட்டிப் பறத்தலில் அதுதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

பணம் கட்டும் முன் ஒரு சனிக்கிழமை காலையில் போய் மாலை வரை இருங்கள். ஓடுதளத்து ஓரம் ஒருவர் ஒவ்வொரு ஏற்றத்தையும் நேரத்தோடு எழுதிக்கொண்டிருப்பார். அந்தத் தாளைக் காட்டச் சொல்லி, ஒரு மாணவருக்கு அன்று எத்தனை முறை கிடைத்தது என்று எண்ணுங்கள். அப்புறம், இரட்டை இருக்கை கிளைடர் எத்தனை வெளியே நிற்கிறது என்றும் பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால், அது பழுதான வாரம் உங்களுக்குப் பயிற்சி இல்லை.

ஒன்று மட்டும்: உங்களுக்கு வார இறுதியில் வேலை என்றால் கணக்கே மாறிவிடும். இங்கிலாந்தில் உள்ள லாஷம் கிளப் போல வாரம் முழுதும் இயங்கும் பெரிய கிளப்தான் சரி. எடை 100 கிலோவை ஒட்டி இருந்தால், இருக்கையின் எடை வரம்பை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.