ஆறு வயதுப் பையனுக்கு மாதம் தவறாமல் சளி. ஒரு டாக்டர் சைனஸ் என்கிறார், இன்னொருவர் அலர்ஜி என்கிறார். அலர்ஜி பரிசோதனை செய்யலாமா? குழந்தைக்கு வலிக்குமா? என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, சென்னையில் மகள் வீட்டில் இருப்பவள். "இந்த அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம். ஆனால் மூக்கு ஒழுகும் குழந்தையின் பக்கத்தில் படுத்து, எந்த நேரத்தில் தும்முகிறது, எப்போது வாயால் மூச்சு விடுகிறது என்று பார்ப்பவள் பாட்டிதான்.

உங்கள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். அலமாரியில் பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் பாட்டில்கள், ஆளுக்கொரு யோசனை சொல்லும் உறவினர்கள், வாரத்துக்கு ஒரு முறை "வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பள்ளியிலிருந்து போன். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்முவாள். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருமை. சளி தண்ணீராக இருக்கும், காய்ச்சல் இருக்காது. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். தெருமுனை கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "சைனஸ்" என்று ஆன்டிபயாடிக் எழுதினார்கள். முகத்துக்கு எக்ஸ்ரே கூட எடுத்தார்கள். சாதாரண சளி பிடித்த குழந்தைக்கும் எக்ஸ்ரேயில் சைனஸ் அறைகள் பெரும்பாலும் மங்கலாகத்தான் தெரியும். சிக்கல் இல்லாத சைனஸ் தொற்றைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். தேதி, நேரம், சளி தண்ணீரா கெட்டியா, காய்ச்சல் எவ்வளவு, அரிப்பு உண்டா, முந்தைய இரவு எங்கே படுத்தாள். வீட்டில் சிரித்தார்கள். மே மாத விடுமுறையில் தஞ்சாவூர்ப் பக்கம் என் தம்பி வீட்டில் கோரைப்பாயில் படுத்திருந்த வரைக்கும் தும்மல் மிகவும் குறைவு. சென்னைக்குத் திரும்பி, கனமான மெத்தையும் தலைமாட்டில் கரடிப் பொம்மைகளும் இருக்கும் அறைக்குள் நுழைந்தாளோ இல்லையோ, மறுபடி ஆரம்பம்.

இதற்கிடையில் எங்கள் மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். அவரைக் குறை சொல்லவில்லை. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஒரே தடவையில் "அலர்ஜி பேக்கேஜ்" எடுக்க வைத்தார். அறிக்கையில் அரிசி, பால், கத்திரிக்காய், கடலை எல்லாவற்றுக்கும் சிவப்பு. அன்றாடம் தயிர்ச்சோறு தின்று வளர்ந்த குழந்தைக்கு அரிசியும் பாலும் ஆகாதாம்! சம்பந்தி அம்மா அன்றைக்கே பாலை நிறுத்தச் சொன்னார். நான் விடவில்லை.

பிறகு பார்த்த அலர்ஜி நிபுணர் அந்தக் காகிதத்தைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். அதில் பெரும்பகுதி ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்த்த கணக்கு. ஒன்றை நாம் சாப்பிட்டு வருகிறோம் என்பதற்கு அது அடையாளம், அலர்ஜிக்கு அல்ல. பார்க்க வேண்டியது ஐஜிஇ என்ற இன்னொரு எதிர்ப்பொருளை. அதிலும் மொத்த ஐஜிஇ மட்டும் கூடியிருந்தால் போதாது. வயிற்றில் பூச்சி இருந்தாலும் கூடும். குறிப்பிட்ட பொருளுக்கு ஐஜிஇ இருந்தால்கூட, உடல் அதை அடையாளம் வைத்திருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பொருள் பட்டதும் குழந்தைக்குத் தொல்லை வந்தால்தான் அலர்ஜி. என் நோட்டுப் புத்தகத்தை அவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. வலிக்குமா? பெரிதாக இல்லை. முன்கையில் பேனாவால் குறியிட்டு, தூசிப்பூச்சி (மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி), கரப்பான்பூச்சி, பூஞ்சை, சீமைக்கருவேலம் மற்றும் பார்த்தீனியம் மகரந்தம் என்று சொட்டுச் சொட்டாக வைத்து, மேல்தோலை மட்டும் சிறிதாகக் குத்துகிறார்கள். ரத்தம் வராது. 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆகாத பொருளின் இடத்தில் கொசு கடித்தது போலத் தடிக்கும். கூடவே இரண்டு சொட்டுகள்: ஹிஸ்டமின் (அலர்ஜியில் தடிப்பை உண்டாக்கும் பொருள்) கட்டாயம் தடிக்க வேண்டும், உப்பு நீர் தடிக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக வந்தால்தான் மற்றவை செல்லும். கணக்கு டீச்சருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. உப்பு நீரின் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் 'உண்டு' என்று குறிக்கிறார்கள். பேத்திக்குத் தூசிப்பூச்சி நன்றாகவே எழும்பியது, கரப்பான் கொஞ்சம்.

செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் தடிப்பு வராது. நிறுத்த முடியாத குழந்தைக்கும், உடம்பெல்லாம் கரப்பான் படை (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு) உள்ள குழந்தைக்கும் ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம். மூச்சிளைப்பு இருக்கும் நாளில் குத்துப் பரிசோதனை வேண்டாம். அரிதாகக் கடுமையான எதிர்வினை வரலாம் என்பதால், அவசர மருந்து கைவசம் வைத்திருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

மருந்து தவிர, தூசிப்பூச்சியைக் குறைக்க மெத்தைக்கு உறை, வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் விரிப்புகளைத் துவைப்பது என்று சொன்னார்கள். துவைத்ததை எங்கே காய வைப்பது? எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சோலார் பலகை இருக்கிறதாம். பால்கனியில் போர்வை தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடுமாம். மாதப் பராமரிப்புத் தொகையை ஐந்தாம் தேதிக்குள் வாங்கத் தெரிகிற செயலாளருக்கு, காரணத்தை எழுதிக் கொடுத்தும் மாடிச் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் போர்வையை மின்விசிறிக்கு அடியில் காய வைக்கிறோம். சரி, அது இருக்கட்டும்.

கற்பூரவல்லிச் சாறு போதுமே என்று கருத்து எழுதப் போகிறவர்களுக்கு: நானும் கொடுத்தேன், இப்போதும் கொடுக்கிறேன். தும்மல் நிற்கவில்லை. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கண்டு அலறுகிறவர்களுக்கு: அதன் அளவு மிகக் குறைவு, பலன் தெரியச் சில நாள் ஆகும், உயரத்தையும் எடையையும் டாக்டர் பார்த்துக்கொள்கிறார்.

அதற்காக ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். சென்ற மழைக்காலத்தில் பேத்திக்குச் சளி பிடித்துக் குறைந்துகொண்டே வந்து, திடீரென்று மறுபடி காய்ச்சல், கெட்டிச் சளி, பகலிலும் இருமல். இது வேறு என்று நோட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. டாக்டர் அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார்; முழுவதும் கொடுத்தோம், கேட்டது. அலர்ஜியால் உள்ளே வீங்கியிருக்கும் மூக்கில் சைனஸ் வாய் அடைபட்டுத் தொற்று வரவும் செய்யும்; இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. சளி பச்சையாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சாதாரண சளியும் நடுவில் பச்சையாகும். குறையாமல் பத்து நாளைத் தாண்டுவது, குறைந்து மறுபடி ஏறுவது, 39 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சலோடு கெட்டிச் சளி மூன்று நாள் தொடர்வது, இவைதான் பாக்டீரியா சைனஸ் தொற்றுக்கு அடையாளம். கண்ணைச் சுற்றி வீக்கமோ, கடும் தலைவலியோடு வாந்தியோ வந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரே பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே பாசிமணியோ பட்டாணியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை விட்டால் மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையையும் பார்க்க வேண்டும்.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டுத் தடவை வெறும் சளி பிடிப்பது இயல்புதான். ஆகவே பையனுக்கு மூக்கும் கண்ணும் அரிக்கிறதா, எந்த நேரத்தில் தும்முகிறான், சளி வரும்போது காய்ச்சலும் வருகிறதா என்று சில வாரம் குறித்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். நீங்கள் எழுதியதில் அந்த விவரம் ஒன்றுகூட இல்லை.