மூன்றாவது நீட் வேண்டாம், ஐயா

கோத்தகிரிப் பக்கம் இருக்கும் இரண்டு ஏக்கர் தேயிலையை விற்று மகளை எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் உங்கள் மைத்துனர். மூன்றாவது முறையும் நீட் எழுதட்டும் என்கிறார் பெரியப்பா. கடிதத்தில் உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இரண்டுமே வேண்டாம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மொத்தக் கட்டணம் கோடியைத் தாண்டும். பச்சைத் தேயிலை விலை போகிற போக்கில், விற்ற நிலத்தைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம். யோசனை சொல்லும் மைத்துனர் வட்டி கட்ட வரமாட்டார்.

'நீட் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, டெட்டனஸ் நஞ்சு நரம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தேடித்தேடிப் படிக்கிறாள்' என்று குறைபட்டிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் மகளின் போக்கு. அவள் படிப்பது விளையாட்டு விஷயமில்லை. டெட்டனஸும் பொட்டுலினமும் ஒரே குடும்பத்து நஞ்சுகள். சுமார் 150 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு) புரதங்கள். அதில் 100 கிலோடால்டன் கனச் சங்கிலி, 50 கிலோடால்டன் இலகு சங்கிலி. கனச் சங்கிலியின் ஒரு முனை, நரம்புச் சவ்வில் மண்டிக்கிடக்கும் கேங்லியோசைடு என்ற சர்க்கரை சேர்ந்த கொழுப்பில் முதலில் ஒட்டும். அடுத்து, பொட்டுலினம் ஏ வகை எஸ்.வி.2 புரதத்தையும், பி வகை சினாப்டோடாக்மின் என்ற புரதத்தையும் பற்றிக்கொள்ளும். இந்தப் புரதங்களை நஞ்சு பற்றும் பகுதி, நரம்பு முனையில் செய்தி வேதிப்பொருளை அடைத்துவைத்திருக்கும் குமிழியின் உட்புறத்தில் இருக்கிறது. குமிழி திறக்கும்போதுதான் வெளியே தெரியும். அதனால் ஓயாமல் வேலைசெய்யும் நரம்பே முதலில் மாட்டுகிறது. மனிதரின் சினாப்டோடாக்மின் 2-இல் ஒரே ஒரு அமினோ அமிலம் எலியிடமிருந்து வேறுபடுவதால் பி வகை நம்மிடம் சரியாக ஒட்டுவதில்லை. பொட்டுலினத்தைத் தசை இறுக்கத்துக்கு ஊசிமருந்தாகப் போடும்போது பி-க்கு அதிக அளவு தேவைப்பட அது முக்கியக் காரணம்.

ஆய்வகத்தில் இந்த ஒட்டுதலை ஆராய முழு நஞ்சைத் தொட வேண்டியதில்லை. ஒட்டும் துண்டை மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் உண்டாக்கி, நிக்கல் நிரப்பிய குழாய் வழியே விட்டுப் பிரித்தெடுத்து, கேங்லியோசைடு பூசிய தட்டில் சோதிப்பார்கள். பழக்கதோஷத்தில் கழுவும் கரைசலில் டுவீன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், அது சோப்பு மாதிரி பூசிய கொழுப்பையே உரித்துவிடும். துண்டு ஒட்டவில்லை என்று பொய்யான முடிவு வரும். இப்படி ஒரு வாரம் வீணானால் சலித்துக்கொள்ளாமல் காரணம் தேடுவாளா? அவளிடமே கேளுங்கள்.

தேடுவாள் என்றால் வழி ஐசர் (IISER) என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம். ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ்.; திருவனந்தபுரம், திருப்பதி உட்பட ஏழு வளாகங்கள். நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி.யில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள். மூன்று மணி நேரம். சரிக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். நீட் படித்த பிள்ளைகள் சறுக்குவது கணிதத்தில்தான். பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற ஆண்டுக்கு இதில் வரம்பு உண்டு. இன்னொரு வருடம் நீட் கோச்சிங்கில் போனால் இந்தக் கதவும் சாத்திக்கொள்ளலாம். அறிவிப்பு வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

ஐசர் கிடைக்காவிட்டால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். செலவும் உங்கள் கைக்கு அடங்கும்.

பிஎச்.டி. முடிய மொத்தம் பத்து வருடம் ஆகும், மறைக்கவில்லை. ஆனால் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இந்த அறிவுக்கு வேலை எங்கே என்று பெரியப்பா கேட்டால், 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைக் காட்டுங்கள். முத்தடுப்பு ஊசி தயாரிக்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அந்த ஊசியில் ஒரு பங்கு, ஃபார்மால்டிஹைடால் செயலிழக்க வைத்த இதே டெட்டனஸ் நஞ்சு.