ஹெட்டில் உடைந்த சைலன்சர் ஸ்டட்

100 சிசி பைக்கில் சைலன்சரைக் கழற்றும்போது அதை இன்ஜின் ஹெட்டோடு (சிலிண்டரின் மேல் மூடி) பிடிக்கும் 6 எம்எம் ஸ்டட் (தலையில்லாத மரை போல்ட்) உடைந்து 3 எம்எம் மட்டும் வெளியே நிற்கிறது, ஈஸி-அவுட் (உடைந்த போல்ட்டில் துளை போட்டு, அதில் திருகி வெளியே எடுக்கும் கருவி) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே, ஈஸி-அவுட் கடின எஃகு, அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் இறங்காது, அப்புறம் ஹெட்டுக்கே ஆபத்து.

இன்று இரவு டபிள்யூடி-40 (துருப்பிடித்ததை இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே) அடித்து ஊற விடுங்கள். காலையில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, பேட்டரி வயரையும் கழற்றிவிட்டு, ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளைக்குள் வெல்டு வைக்கச் சொல்லுங்கள். சிவப்பு அடங்கியதும், சூடு ஆறுவதற்குள், ஸ்பானரால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். 'கிறீச்' என்று சத்தம் கேட்டால் பிடி விட்டுவிட்டது. நட்டு பிய்ந்தால் மறுபடி வையுங்கள், எனக்கு மூன்றாவது நட்டில்தான் வந்தது. புது ஸ்டட் மறுபடி இறுகிப் பிடிக்காமல் இருக்க அதில் காப்பர் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.