பர்மா வெத்தலை டப்பாவும் மரப்பாலும்

கேள்வி: எங்க ஆயா 1964-ல ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தப்போ கொண்டாந்த வெத்தலை டப்பா, வெளிய கருப்பு, உள்ள சிவப்பு, இப்ப மூடி ஓரம் உரியுது. ஸ்பிரிட்ல கரைச்ச அரக்கு வார்னிஷ் அடிச்சா சரியாயிடும்னு பெயிண்ட் கடைக்காரர் சொல்றார். அடிக்கலாமா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: தயவுசெஞ்சு அடிக்காதீங்கம்மா. கடையில விக்கிற அரக்கு, புரசு இலந்தை மாதிரி மரக்கிளைல ஒட்டிக்கிட்டு ஒரு பூச்சி சுரக்கற பிசின், சூடு பட்டா இளகிடும். உங்க டப்பால இருக்கறது மரத்துப் பாலு, பர்மாக்காரங்க தித்சின்னு சொல்லுவாங்க. மரத்துக்குப் பேரு குளூட்டா உசிட்டாட்டா, மாமரம் முந்திரி குடும்பம், பர்மா, தாய்லாந்து, நம்ம மணிப்பூர் பக்கமும் இருக்கு. பட்டையக் கீறி மூங்கில் குழாய சொருகிட்டா வடியும், வடியறப்போ சாம்பல் கலர்ல இருக்கும், காத்து பட பட கருகருன்னு ஆயிடும்.

உரிஞ்ச இடத்த வெளிச்சத்துல காட்டிப் பாருங்க, அடியில மூங்கில் பத்தை தெரியும், அதுமேல எலும்புச் சாம்பல் கலந்த பூச்சு, அதுக்கும் மேல வெறும் பாலு அடுக்கடுக்கா. ஒவ்வொரு அடுக்கையும் வெயில்ல காய வைக்க மாட்டாங்க, நிலவறையில ஈரக்காத்துல தான் வைப்பாங்க, ஏன்னா பால்ல இருக்கற நொதி ஈரம் இருந்தா தான் வேலை செஞ்சு அதைக் கெட்டியாக்கும், அப்புறம் தேச்சு திரும்பப் பூசி திரும்ப உள்ள வச்சுன்னு நல்ல டப்பா ஒண்ணு முடிய மாசக்கணக்கா ஆகும். பர்மாவுல பகான்ங்கற ஊர்ல இந்த வேலைய சொல்லித் தரவே 1924-ல அரசாங்கப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அவ்ளோ பேர் கை பட்ட பொருள் மேல வார்னிஷ் ஏத்தினா பழைய மினுமினுப்பு திரும்ப வரவே வராது.

வெயிலும் ஏசி காத்தும் நேரா படாம வைங்க, காட்டன் துணியால துடைச்சா போதும். உரிஞ்சு விழற துண்டைத் தூக்கிப் போடாம கவர்ல போட்டு வைங்க. எழும்பூர் மியூசியத்துல பழம்பொருள் பராமரிக்கற லேப் இருக்கு, எடுத்துட்டுப் போய் கேளுங்க.

கேள்வி: மலேசியால இருந்து வந்த ரெங்காஸ் மர அலமாரிய சாண்ட்பேப்பர் போட்டுத் தேச்சேன், கையெல்லாம் கொப்புளம். மரத்தாலயா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மரமா தான் இருக்கும் தம்பி, ரெங்காசும் குளூட்டா இனம் தான். செக்கச்செவேல்னு கருப்பு வரியோட பாக்க அவ்ளோ அழகு, ஆனா சேங்கொட்டைப் பால் பட்டா புண்ணாகுற மாதிரியே இதோட பாலும் தோலைப் பதம் பாக்கும், மரம் காஞ்சாலும் தூள்ல அது இருக்கும். வேலைய நிறுத்திட்டு சோப்பு போட்டுக் கழுவுங்க, போட்டிருந்த சட்டையத் தனியா துவைங்க, நாளைக்கே ஸ்டான்லில தோல் டாக்டரைப் பாருங்க. மிச்சத்தைத் தேய்க்கறதா இருந்தா கிளவுஸ், மாஸ்க், முழுக்கை சட்டை இல்லாம கிட்டயே போகாதீங்க.