ஸ்பீச் தெரபியா, ஆக்குபேஷனல் தெரபியா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். நன்றாக ஓடுகிறான், ஏறுகிறான். ஆனால் நாலைந்து வார்த்தைதான் பேசுகிறான். கூப்பிட்டால் சில சமயம்தான் திரும்புகிறான். ஸ்பூன் பிடிக்கவும் தடுமாறுகிறான். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம், பொறுத்திரு என்கிறார்கள். எந்த தெரபிக்கு அழைத்துப்போவது?

பதில்: பொறுத்திருக்க வேண்டாம் அம்மா. இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் ‘அம்மா வா’ என்பதுபோல இரண்டு சொல் சேர்த்துப் பேசிவிடும். தாமதமாகத் தொடங்கும் பலர் தாமாகவே சரியாகிவிடுவதும் உண்மைதான். ஆனால் அது யார் என்று இந்த வயதில் சொல்ல முடியாது. அப்பா தாமதமாகப் பேசியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதை வைத்துக் காத்திருக்காதீர்கள்.

தெரபிக்கு முன்பு செவித்திறன் பரிசோதனை. ‘கதவு சத்தத்துக்குத் திரும்புகிறானே’ என்று பல வீட்டில் சொல்வார்கள். அது போதாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் மங்கிவிடும். பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் குறை இல்லை என்றிருந்தாலும் இப்போது மறுபடி பார்க்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் சரியாகத் திரும்பாததால், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான 20 கேள்விகள் கொண்ட எம்-சாட் படிவத்தையும் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அது ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனை. அதை வைத்து ஆட்டிசம் என்று முடிவுகட்ட மாட்டார்கள்.

ஸ்பீச் தெரபிக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள். நோயின் பெயர் முடிவாகட்டும் என்று நிற்கத் தேவையில்லை. ஸ்பூனில் சிந்துவது இந்த வயதில் சகஜம். பொருளைப் பிடிக்கவே திணறினால், கை வேலைகளையும் அன்றாடச் செயல்களையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பார்க்கட்டும். ஒரு கையையே பயன்படுத்தி, மறு கையை எப்போதும் மூடியே வைத்திருந்தால் மருத்துவர் நரம்பியல் நோக்கிலும் பரிசோதிக்க வேண்டும். ஓடி ஏறுபவனுக்கு பிசியோதெரபி இப்போதைக்கு வேண்டாம்.

மருத்துவர் தெரபிஸ்டுக்கு எழுதித்தரும் பரிந்துரைக் கடிதம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். ‘பேச்சு தாமதம்’ என்ற ஒற்றை வரி தெரபிஸ்டுக்கு எதுவும் சொல்லாது. சைகை காட்டாமல் ‘செருப்பை எடு’ என்றால் எடுக்கிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, எந்தெந்த வார்த்தை சொல்கிறான் என்று எழுதச் சொல்லுங்கள். விளையாடும்போதும் சாப்பிடும்போதும் செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது. குறைமாதப் பிரசவம் என்றால் அதையும் எழுத வேண்டும். இரண்டு வயதுவரை, பிறக்க வேண்டியிருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுவார்கள்.

இதற்கிடையே, ஏற்கெனவே சொன்ன வார்த்தைகளை விட்டுவிட்டாலோ, கண்ணைப் பார்ப்பது குறைந்தாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.