தொட்டி காலி, பேனலில் மட்டும் நிறைவு: மோட்டார்ஹோம் சென்சார் கேள்வி-பதில்

கோடை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே புகார்தான்: "சென்சார் பொய் சொல்கிறது." கனடாவின் ஒன்டாரியோவில் பல ஆண்டுகளாக மோட்டார்ஹோம்களுக்கு, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளுக்கு, மின்வேலை பார்க்கிறேன். அப்படிச் சொல்லி என்னிடம் வந்த வண்டிகளில் சென்சாரே கெட்டுப்போயிருந்தவை கொஞ்சம்தான்.

இந்த வண்டிகளில் நன்னீர், சமையலறை-குளியல் கழிவுநீர், கழிவறை என்று மூன்று தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்வதுதான் சென்சாரின் வேலை. வட அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் சென்சார் என்பது தொட்டிச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் பொருத்திய உலோக முனைகள், அவ்வளவே. அடி முனையிலிருந்து மேல் முனைக்கு மின்சாரம் பாய்ந்தால், வண்டிக்குள் அளவு காட்டும் பேனல் அந்த உயரத்துக்கான விளக்கை ஏற்றும். அது தண்ணீரைப் பார்ப்பதில்லை, மின்சாரம் பாய வழி உண்டா என்று மட்டும் பார்க்கிறது. சுவரில் ஒட்டிய ஈரப் பிசுக்கும் அதற்குத் தண்ணீர்தான். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத சுத்தமான தண்ணீரோ அதற்கு வெறும் காற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினேன். கழிவறைத் தொட்டியை முழுக்க இறக்கிக் காலி செய்த பிறகும் பேனல் மூன்றில் இரண்டு பங்கு என்றே காட்டுகிறது. விற்றவர் சென்சார்களை மாற்றச் சொல்கிறார். மாற்றட்டுமா? (பிராம்டன் வாசகர்)

பணத்தை எடுக்காதீர்கள். முதலில் தவறு தொட்டிக்குள்ளா, வெளியிலா என்று பிரித்துப் பாருங்கள். தொட்டியின் பக்கவாட்டில் முனைகளுக்கு வரும் வயர்களைக் கழற்றிவிட்டு பேனல் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு "காலி" என்று இறங்கினால் வயரும் பேனலும் நலம், கோளாறு தொட்டிக்குள். அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு காட்டினால் வயர் எங்கோ உரசி ஒன்றோடொன்று தொடுகிறது, அல்லது பேனல் கெட்டிருக்கிறது. கழற்றிய பொது வயரை, அதாவது அடி முனைக்கு வரும் வயரை, மற்ற வயர்களோடு ஒவ்வொன்றாகத் தொட்டும் பாருங்கள். விளக்குகள் வரிசையாக ஏறினால் பேனலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். வண்டியின் அடியில் தகடு மூடியிருந்து தொட்டியை எட்ட முடியாவிட்டால், பேனலின் பின்புறம் அந்தத் தொட்டிக்கான இணைப்பைக் கழற்றி இதே சோதனையைச் செய்யலாம். பத்து நிமிட வேலை இது. விற்றவர் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

பத்துக்கு எட்டு முறை கோளாறு உள்ளேதான் இருக்கும். காகிதமும் மலமும் அடி முனைக்கும் மேல் முனைக்கும் இடையில் சுவரில் அப்பி ஈரமாகவே இருக்கின்றன. அதன் வழியாக மின்சாரம் பாய்கிறது. மருந்து, ஊறவைப்பதுதான். தொட்டியை இறக்கிய பின் வெதுவெதுப்பான தண்ணீரை முக்கால் அளவுக்கு நிரப்புங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் தொட்டிக்கும் ரப்பர் வளையங்களுக்கும் ஆகாது. துணி துவைக்கும்போது போடும் நீர் மென்மையாக்கும் பொடி இரண்டு கப், நுரை குறைந்த சலவைத் திரவம் அரை கப் சேர்த்து, ஓர் இரவும் பகலும் விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு இறக்குங்கள். பல ஆண்டு அழுக்கு ஒரே முறையில் போகாது. மூன்று முறை செய்து பார்த்த பிறகு என்னிடம் மறுபடி எழுதுங்கள்.

ஒரு மூட்டை பனிக்கட்டியைக் கழிவறையில் கொட்டி வண்டியை ஓட்டினால் சுவர் தேய்ந்து சுத்தமாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பனிக்கட்டி மிதக்கும். தொட்டியில் தண்ணீர் இருந்தால் மேற்பரப்பில்தான் உருளும், அதுவும் கரையும்வரை. நான் அதை நம்புவதில்லை. அதைவிட முக்கியமாக, குளோரின் பிளீச்சை அந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும், வண்டியோ மூடிய இடம்.

இனிமேல் முகாமில் கழிவுக் குழாயை இணைத்திருக்கும்போதும் கழிவறைத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு கோபுரமாக எழும்பும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பியதும் திறந்தால், ஓடும் வேகமே அடியைக் கழுவிவிடும்.

சமையலறை, குளியல் கழிவுநீர்த் தொட்டியில் மலம் எதுவும் இல்லையே, அது ஏன் எப்போதும் நிறைவு என்கிறது? (ஸ்கார்பரோ வாசகி)

தாளிப்பு எண்ணெய்தான் காரணம். எண்ணெயும் சோப்பும் சேர்ந்து சுவரில் வெண்ணெய்போல் ஒரு படலமாகிவிடும், பருப்பும் சோற்றுப் பருக்கையும் அதில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோழிக் குழம்புச் சட்டியைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இருக்கும் படலத்துக்கு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரோடு ஒரு நீண்ட பயணம் போதும்.

மெல்பர்னுக்கு வெளியே வசிக்கிறோம். எங்கள் வீட்டு மழைநீர்த் தொட்டியிலிருந்துதான் வண்டிக்கு நிரப்புகிறோம். நன்னீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, பேனலோ காலி என்கிறது. போன மாதம் முகாமில் குழாய்த் தண்ணீர் பிடித்தபோது சரியாகக் காட்டியது.

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு, அதனால் மின்சாரத்தை அது சரியாகக் கடத்தாது. முனைகள் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தும் பேனலுக்கு அது தெரியவில்லை. வீட்டு வடிகட்டியில் உப்பு நீக்கிய தண்ணீரை நிரப்புகிறவர்களுக்கும் இதே அனுபவம் கிடைக்கும்.

உறுதி செய்ய வேண்டுமானால் நூறு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். விளக்கு ஏறினால் சென்சார் நலம். உப்பு முனைகளை அரிக்கும் என்பதால் சோதனைக்கு ஒருமுறை மட்டும், வழக்கமாக்க வேண்டாம். மழைநீரையே தொடர்ந்து பிடிக்கப் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு மிதவை வகை சென்சாரோ தொட்டிக்கு வெளியே ஒட்டும் வகையோதான் பொருந்தும், இரண்டைப் பற்றியும் கீழே சொல்கிறேன்.

மூன்று தொட்டிகளும் ஒரே நாளில் காலி என்று காட்டத் தொடங்கின. மின்கல அளவு மட்டும் சரியாகக் காட்டுகிறது. (நியூ ஜெர்சி)

மூன்று சென்சார்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் சாகாது. மின்கல அளவு வருவதால் பேனலுக்கு மின்சாரம் வருகிறது. எனவே மூன்றுக்கும் பொதுவான எர்த் வயரைத் தேடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, வண்டியின் அடிச்சட்டத்தில் அந்த வயர் திருகப்பட்ட இடத்தைத் தின்றிருக்கும். துருவைச் சுரண்டி, புது முனை போட்டு, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். உங்கள் கேள்வியைவிட என் பதில் நீண்டுவிட்டது.

என் மோட்டார்ஹோமில் இருந்த மிதவை சென்சார் உடைந்ததால் இணையத்தில் ஒன்றை வாங்கி மாட்டினேன். இப்போது தொட்டி நிறைந்திருந்தால் ஏறக்குறைய காலி என்கிறது, காலியானால் நிறைவு என்கிறது. பாதி இருக்கும்போது மட்டும் பாதி என்று சரியாகச் சொல்கிறது! வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனா? (லண்டன் வாசகர்)

இந்த வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாதியில் மட்டும் சரியாகக் காட்டுகிறது என்பதை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நானும் வயரைத்தான் சந்தேகித்திருப்பேன்.

மிதவை சென்சார் தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும், மீட்டர் அந்தத் தடையைப் படிக்கும். ஐரோப்பிய வழக்கில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். அமெரிக்க வழக்கு தலைகீழ்: காலிக்கு 240, நிறைவுக்கு 33. உங்கள் மீட்டர் ஐரோப்பியது, வாங்கிய சென்சார் அமெரிக்கது. காலித் தொட்டியின் 240 ஓமைப் பார்த்து மீட்டர் நிறைவு என்கிறது, நிறைந்த தொட்டியின் 33 ஓமைக் காலிக்குச் சற்று மேலே வைக்கிறது. அமெரிக்க சென்சார் பாதியில் ஏறக்குறைய 103 ஓம் காட்டும், ஐரோப்பிய மீட்டரிலும் அது முள் நடுவில் நிற்கும் இடம். நின்றுபோன கடிகாரம் நாளுக்கு இரண்டு முறை சரியான மணி காட்டுவதுபோல.

இதில் வயரை மாற்றிக் கொடுத்தும் பயனில்லை, மின்தடைக்குத் திசை கிடையாது. சென்சாரைத் திருப்பி அனுப்பிவிட்டு 10–180 ஓம் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் மேசையில் வைத்தே மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி மல்டிமீட்டரில் அளந்துகொண்டால், இன்னொரு முறை தொட்டியைத் திறக்க வேண்டியிருக்காது.

சென்னையில் படப்பிடிப்புகளுக்குக் கேரவன் வாடகைக்கு விடுகிறேன். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சென்சார் "எப்போதும் நிறைவு" என்று நின்றுவிடுகிறது. மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

எஃகுத் தொட்டியில் தொட்டியே எர்த்தாக இருக்கும். முனை அதைத் தொடாமலிருக்க நடுவில் புஷ் எனப்படும் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். கடினநீரின் சுண்ணாம்புப் படிவு அந்தப் புஷ்ஷின் மேல் வளர்ந்து, முனையையும் தொட்டியையும் ஈரமான பாலமாக இணைத்துவிடுகிறது. தண்ணீர் இல்லாவிட்டாலும் மின்சாரம் அந்த வழியே போகிறது. அடுத்த முறை தொட்டி காலியானதும், வயரைக் கழற்றி முனைக்கும் தொட்டி உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தடை மிகக் குறைவாக இருந்தால் குற்றவாளி அதுதான்.

சென்சாரைக் குப்பையில் போடாதீர்கள். கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு கரண்டி சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது, கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். படிவு நுரைத்துப் போய்விடும். நன்றாகக் கழுவித் துடைத்து மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். அமிலம் இருக்கும் பாத்திரத்தில் பிளீச் பக்கமே வரக்கூடாது.

இன்னொன்று, வெளியே ஒட்டும் சென்சாரை யாராவது உங்களிடம் விற்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். உலோகச் சுவருக்குள் அது பார்க்காது.

அந்த வெளியே ஒட்டும் வகைக்கு மாறலாமா? முனைகளோடு மல்லாடிக் களைத்துவிட்டேன். (எட்மன்டன்)

பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மாறலாம், நானே என் வண்டியில் மாற்றிவிட்டேன். இது தொட்டிச் சுவருக்கு வெளியிலிருந்தே மின்தேக்குத்திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை, அளக்கிறது. மின்புலத்தைப் பொறுத்தவரை காற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றுக்கு எண்பது. அதனால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்பது அதற்கு நன்றாகத் தெரியும். விளக்கு நான்கோடு நிற்காமல் விழுக்காட்டிலும் சொல்லும். உங்கள் மாகாணத்திலேயே தயாராகும் கார்னெட் நிறுவனத்தின் சீலெவல் இந்த வகைதான்.

ஆனால் மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே விரல் தடிமனுக்குக் கழிவு அப்பியிருந்தால் இதுவும் ஏமாறும், மெல்லிய படலத்தைத்தான் மன்னிக்கும். ஆகவே முதலில் தொட்டியைக் கழுவிவிட்டு ஒட்டுங்கள். இரும்புச் சட்டம், உலோகக் குழாய், மற்ற வயர்கள் ஆகியவற்றிலிருந்து தள்ளி, சுவரை ஆல்கஹால் திரவத்தால் துடைத்து, குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்கும்போதே அளவைச் சரிபாருங்கள். சரிவில் நின்று பார்த்துவிட்டு சென்சாரைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

குளிர்காலத்துக்காக இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஊற்றினேன். வசந்தத்தில் விளக்குகள் கண்டபடி எரிகின்றன.

கவலை வேண்டாம். அந்தப் புரொப்பிலீன் கிளைக்கால் மின்சாரத்தைத் தண்ணீர் அளவுக்குக் கடத்தாது. இரண்டு முறை நல்ல தண்ணீர் நிரப்பி அலசி இறக்குங்கள், சரியாகிவிடும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சு. கைதவறிக்கூட அதைத் தண்ணீர்க் குழாய்களில் ஊற்றக்கூடாது.

நாளை காலை கிளம்புகிறோம், எதையும் பழுதுபார்க்க நேரமில்லை. சென்சார் இல்லாமல் சமாளிக்க வழி உண்டா? (மிசிசாகா)

உண்டு. நன்னீர்த் தொட்டி வெண்மையான பிளாஸ்டிக்காக இருந்தால் பின்னால் டார்ச் அடித்தால் மட்டம் தெரியும். கழிவறைத் தொட்டிக்கு, மிதிகட்டையை அழுத்திக்கொண்டு உள்ளே டார்ச் அடியுங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. கழிவுநீர்த் தொட்டிக்கு நாள் கணக்குதான். முதல் பயணத்தில் எத்தனை நாளில் இறக்க வேண்டியிருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு நாள் முன்பே இறக்குங்கள். கணக்குத் தவறினால் குளியல் தரையின் துளை வழியாகத் தண்ணீர் மேலே ஏறி வரும். அதனால் காலுறையோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.