பக்லாவாவும் பங்காளிகளும்

கேள்வி: பக்லாவா துருக்கிக்குச் சொந்தமா, கிரீஸுக்குச் சொந்தமா? வீட்டில் செய்ய முடியுமா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: பக்லாவா என்பது மெல்லிய மாவு ஏடுகளுக்கு நடுவே பிஸ்தா, அக்ரூட் பருப்பு வைத்து வேகவைத்து, பாகில் ஊறவிடும் இனிப்பு. 'சொந்தம்' என்கிறீர்களே, வம்பே அந்தச் சொல்லில்தான். தமிழில் உடைமைக்கும் சொந்தம், உறவுக்கும் சொந்தம். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் பாகப்பிரிவினைதான். இந்த வீட்டில் சிரியா, லெபனான், ஆர்மீனியா, அஜர்பைஜான், போஸ்னியா என்று இன்னும் பல பங்காளிகள் உண்டு.

பத்திரம் கேட்டால் துருக்கியர் கை ஓங்கும். இஸ்தான்புல் டோப்காப்பி அரண்மனைச் சமையலறைக் கணக்கில் 1473-லேயே பக்லாவா இருக்கிறது. எதிர்த்தரப்பு, ரோமானியர் கேட்டோ எழுதிவைத்த 'பிளசென்டா'வைப் பழைய ஓலையாக நீட்டும். அது பாலாடைக்கட்டியும் தேனும் வைத்த அடுக்கு, பருப்பே கிடையாது. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்ததும் துருக்கியின் காஸியான்டெப் நகரத்து 'ஆன்டெப் பக்லாவா'வுக்கு மட்டும்தான். ஒரு மனைக்குப் பட்டா; ஊருக்கே அல்ல. (பக்லாவா 'பக்குவம்' என்பதன் திரிபு என்று கடிதம் எழுத உட்கார்ந்திருக்கும் சொல்லாராய்ச்சி அன்பருக்கு: இல்லை ஐயா. பேனாவை மூடுங்கள்.)

அந்தக் காலத்தில் ரம்ஜான் 15-ஆம் நாள் துருக்கியை ஆண்ட உஸ்மானிய சுல்தான், ஜானிஸரி என்னும் தன் காவற்படைக்குப் பத்துப் பேருக்கு ஒரு தட்டு பக்லாவா கொடுப்பார். துணியில் கட்டி, கழியில் தொங்கவிட்டு, ஊர்வலமாகத் தூக்கிப்போவார்கள். அரண்மனைச் சாப்பாடு வேண்டாம் என்று அண்டாவைக் கவிழ்த்தால் கலகம் என்று பொருள். நம் சம்பந்திகள் பந்தியில் உட்கார மறுப்பார்களே, அதே ரகம், கையில் துப்பாக்கியோடு. 1826-ல் படையையே கலைத்தார்கள். சம்பந்திகளைக் கலைக்க இன்னும் சட்டம் வரவில்லை.

வீட்டில் செய்யலாம். மாவைத் திரட்ட வேண்டாம். அது கைப்பழக்கம் உள்ளவர்கள் வேலை. 'ஃபிலோ' என்று உறைநிலையில் விற்கும் மெல்லிய மாவுத் தாளை 500 கிராம் வாங்குங்கள். கிரேக்கத்தில் அதற்கு இலை என்று பொருள். ஏடு என்றே சொல்லலாம், ஆய்த எழுத்தாவது மிஞ்சும். முந்தின இரவே ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அவசரத்தில் வெளியே வைத்து இளக்கினால் ஏடுகள் ஒட்டிக் கிழியும். பிரித்தபின் ஈரத்துணியால் மூடாவிட்டால் சில நிமிடங்களில் அப்பளம்.

பிஸ்தா அல்லது அக்ரூட் 350 கிராம், வறுக்காமல், ரவையைவிடப் பெரிதாக உடையுங்கள். மாவாக அரைத்தால் எண்ணெய் கக்கிக் களியாகும். உருக்கிய நெய் 250 கிராம். வெண்ணெய் வேண்டாம்: அதிலுள்ள நீர் ஏட்டை நமநமக்க வைக்கும், பால்கசடு கருகும். வனஸ்பதி பற்றிக் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் இல்லை.

பாதி ஏடுகளை ஒவ்வொன்றாக நெய் தடவி அடுக்கி, பருப்பைப் பரப்பி, மீதியையும் அப்படியே அடுக்குங்கள். வேகுமுன்பே அடிவரை வெட்டிவிட வேண்டும். வெந்தபின் கத்தி வைத்தால் நொறுங்கும், பாகும் உள்ளே இறங்காது. அவனில் (oven) 170 டிகிரி செல்சியஸில் 45-50 நிமிடம். மேலே சிவந்ததும் எடுத்துவிடாதீர்கள், அடி ஏடு வெளுத்தே இருக்கும்.

பாகை முதலிலேயே காய்ச்சி ஆறவிடுங்கள். சர்க்கரை 400 கிராம், தண்ணீர் 300 மில்லி, கொதி வந்து பத்து நிமிடம். கம்பிப் பதம் வேண்டாம், பிசுக்குப் பதம் போதும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடாவிட்டால் பூத்துவிடும். பாதுஷாவுக்கு அது அழகு, இதற்குக் கேடு. ஆறிய பாகைச் சூடான தட்டில் ஊற்றும்போது 'சுர்ர்' என்று சத்தம் வர வேண்டும். ஆன்டெப் உஸ்தாக்கள் (தேர்ந்த கைகாரர்கள்) சூட்டின்மேல் சூடாகவே ஊற்றுவார்கள். அது அன்றே திரட்டிய ஏடு, அவர்கள் கை. கடை ஏட்டில் நீங்கள் அதைச் செய்தால் கூழ்தான்.

சூட்டோடு மூடாதீர்கள், ஆவியில் தொய்ந்துவிடும். ஃப்ரிஜ்ஜிலும் வேண்டாம், நெய் உறையும். நாலைந்து மணி நேரம் ஊறியபின் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பலாம். தட்டை மறக்காமல் திருப்பிக் கேளுங்கள். ஜானிஸரிகளே மறுநாள் தட்டையும் துணியையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான்.